ஆறேறும் மீனும் தூண்டிற்காரனும்



காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் என்னும் சிற்றூர் என் ஊர். ஆழ்வானைப் பெற்ற ஊர் என்று வைணவர்கள் அதனைப் போற்றுவர். பல்லவர் வரலாறு பயின்றவர்கள் கூரம் செப்பேட்டை அறிவர். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில் எழுந்த அச்செப்பேடு, எங்கள் ஊரில் பரமேசுவரத் தடாகம் என்னும் ஏரியும், பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொணரப் பெரும்பிடுகு என்னும் காலும் வெட்டப்பட்ட செய்தியைக் கூறுகின்றது. அக்காலின் வழியே நீர் வந்தது என்று வரலாற்றாசிரியர் கூறுவர். நீரோடு மீனும் வந்தது என்பதை நான் சேர்த்துக் கூற விரும்புகிறேன்.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே முதல் நீர் வழியும் இரவில் எங்கள் ஊரில் சிறுவர்கள் உறங்குவதில்லை. வழிந்தோடும் நீரை எதிர்த்துக் கெண்டையும் கெளுத்தியும் குறவையும் ஏறி வரும். இதனை ஏற்று மீன் என்பார்கள். நீர் போகும் திசையில் மிதந்து செல்வது சருகுக்கும் எளிது. நீரை எதிர்த்து ஏறுவதற்கு உயிர் வேண்டும்; அவ்வுயிருக்கு ஒரு நோக்கமும் வேண்டும். புதுநீர் பரவிய வயலிலும் புல்வெளியிலும் முட்டையிட்டுத் தன் இனத்தைப் பெருக்குவதே மீனின் நோக்கம். இதனை அறியாத வயதில் நான் ஒரு பிழை செய்தேன். அப்பிழையிலிருந்தே இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

என் தந்தையார் தறி நெய்தவர். தறியில் அறுந்து விழும் பட்டு நூலை நான் சேர்த்து வைப்பேன். அதனை மூன்று புரியாக முறுக்கி, மெழுகு தடவி, ஒரு முனையில் முள்ளும் நடுவே மயிலிறகுத் தண்டால் ஒரு தக்கையும் கட்டினால் தூண்டில் ஆயத்தமாகிவிடும். ஒரு நாள் ஏரிக்கரையில் நாணல் ஓரமாகச் செந்நிறக் குஞ்சுகள் ஒரு திரளாகக் கொப்பளிப்பதைக் கண்டேன். அவை விரால் குஞ்சுகள். விரால் தன் குஞ்சுகளை விட்டு அகலாது. அவற்றின் கீழே நின்று காவல் புரியும். அத்திரளின் நடுவே எது விழுந்தாலும் பகை என்று எண்ணிப் பாய்ந்து கவ்வும். இதனை ஊரில் எல்லோரும் அறிவர்; நானும் அறிவேன். ஒரு தவளைக் குஞ்சை முள்ளில் கோத்து அங்கே எறிந்தேன். கண் இமைப்பதற்குள் மீன் அகப்பட்டது. முழங்கை நீளம் இருந்தது. வீட்டுக்குக் கொண்டு சென்றபோது என்னைவிட மகிழ்ந்தவர் எவரும் இல்லை.

மறுநாள் காலை அதே இடத்துக்குச் சென்றேன். குஞ்சுகளின் திரள் இல்லை. ஓரிரண்டு செம்புள்ளிகள் புல்லடியில் ஒண்டி நின்றன. கெளுத்திகளும் கொக்குகளும் தம் வேலையை முடித்திருந்தன. என் பாட்டனார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "நேற்று ஒரு மீனைப் பிடித்தாய் என்று எண்ணினாய். எத்தனை பிடித்தாய் என்று இப்பொழுது கணக்குப் பார்" என்று மட்டும் கூறினார். ஆசிரியனாக நாற்பதாண்டுக் காலம் பல கணக்குகளைக் கற்பித்தேன். அந்தக் கணக்கை மட்டும் நான் இன்னும் முடிக்கவில்லை.

இப்பொழுது உங்களைத் தொலைவிலுள்ள ஆறுகளுக்கு அழைத்துச் செல்கிறேன். அமெரிக்கக் கண்டத்தின் மேற்குக் கரையில், கலிபோர்னியா முதல் அலாஸ்கா வரை, மலைகளிலிருந்து பசிபிக் கடலில் விழும் ஆறுகள் பல உள்ளன. அவற்றில் வாழும் ஒரு மீனுக்கு ஸ்டீல்ஹெட் என்று பெயர். எஃகுத் தலை என்பது பொருள். கடலிலிருந்து திரும்பும்போது அதன் தலை நீலங்கலந்த சாம்பல் நிறத்தில் எஃகு போல் மின்னுவதால் இப்பெயர் பெற்றது. ஆற்றிலே பிறந்து, ஓரிரண்டு ஆண்டுகள் அல்லது மூன்றாண்டுகள் அங்கேயே வளர்ந்து, பின்னர்க் கடலுக்குச் சென்று, அங்கே ஓரிரண்டு ஆண்டுகள் அலைந்து பருத்து, முட்டையிடுவதற்காகத் தான் பிறந்த ஆற்றுக்கே மீள்வது இதன் வாழ்க்கை. தாய் ஆற்றை அது நீரின் மணத்தால் இனங்காண்கிறது என்று அறிவியலார் கூறுகின்றனர். பசிபிக் கடலின் சால்மன் மீன்கள் முட்டையிட்டதும் மடிந்துவிடும். ஸ்டீல்ஹெட்டோ பிழைத்துக் கடலுக்குத் திரும்பி, மீண்டும் ஒருமுறை ஆறேறவும் கூடும். இதனை மனத்தில் வையுங்கள். முட்டையிட்ட பின்னும் எதிர்காலம் உடைய மீன் இது.

மூன்று முதல் ஐந்து கிலோ வரை எடையுள்ளவை பெரும்பாலும் அகப்படும். 1970ஆம் ஆண்டில் அலாஸ்காவின் பெல் தீவருகே 19 கிலோ எடையுள்ள ஒரு ஸ்டீல்ஹெட் பிடிபட்டது. தூண்டிலில் அகப்பட்டவற்றுள் அதுவே உலகில் மிகப் பெரியது எனப் பதிவாகியுள்ளது. அதனைப் பிடித்தவன் எட்டு வயதுச் சிறுவன். மீன்பிடிப்பில் தலைமையாசிரியருக்கும் மாணவனுக்கும் வேறுபாடு இல்லை என்பதற்கு இது சான்று.

குளிர்காலத்தில் ஆறேறும் ஸ்டீல்ஹெட்டுகள் வசந்த காலத்தில் முட்டையிடுகின்றன. மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் மலைப் பனி உருகி ஆறு பெருகும். நீர் மிகக் குளிர்ந்திருப்பதால் மீன் வேகமான நடு ஓட்டத்தில் நில்லாது. பாறையின் பின்புறத்திலும், விரைந்த ஓட்டமும் மெதுவான ஓட்டமும் சேரும் விளிம்பிலும், மடுவின் வாலிலும் இளைப்பாறும். தேர்ந்த தூண்டிற்காரன் ஆற்றங்கரைக்கு வந்தவுடன் தூண்டிலை எறிய மாட்டான். ஒரு புத்தகத்தைப் படிப்பது போல முதலில் ஆற்றைப் படிப்பான். பின்னர், இறகும் மயிரும் கட்டிச் செய்த பொய் ஈயை ஓட்டத்தின் குறுக்கே மெல்ல மிதக்க விடுவான். நூறு முறை எறிந்தும் ஒரு மீனும் தொடாமல் வீடு திரும்பும் நாள்களே மிகுதி. ஆகையால் இது பொறுமையைக் கற்பிக்கும் கலை.

காஞ்சிபுரத்தார் கேட்டு மகிழத்தக்க ஒரு செய்தியும் இதில் உண்டு. நைலான் வருவதற்கு முன் இத்தூண்டில்களின் கயிறு பின்னிய பட்டால் ஆனது. முள்ளோடு சேரும் மெல்லிய நரம்போ பட்டுப்புழுவின் உடலிலிருந்தே எடுக்கப்பட்டது. கூடு கட்டும் பருவத்திலுள்ள புழுவைக் காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச் சுரப்பியை வெளியே எடுத்து இழுத்தால் உறுதியான இழை கிடைக்கும். ஸ்பெயின் நாட்டின் மூர்சியா இத்தொழிலில் புகழ்பெற்று விளங்கியது. 1938இல் நைலான் அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அத்தொழில் நலிந்தது. தறிப் பட்டைத் திருடித் தூண்டில் முறுக்கிய கூரத்துச் சிறுவன் தனித்தவன் அல்லன் என்பதைப் பிற்காலத்தில் படித்தறிந்தபோது எனக்குச் சிறிது ஆறுதல் உண்டாயிற்று.

வசந்த காலத்து மீன்பிடிப்பில் ஓர் அறச்சிக்கல் உண்டு. பெண் மீன் தெளிந்த, ஆழமற்ற இடத்தில் சரளைக் கற்களை வாலால் அடித்து விலக்கிக் குழி பறிக்கும். அதில் முட்டையிட்டு, மேலே மீண்டும் கற்களைத் தள்ளி மூடும். அப்போது அது கரையில் நிற்பவர் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். தன் இடத்தை விட்டு எளிதில் அகலவும் செய்யாது. அதனைப் பிடிப்பதற்குத் திறமையே வேண்டுவதில்லை. கூரத்து விராலின் கதையே அங்கும்! அதனால் அந்நாட்டுத் தூண்டிற்காரர்களிடையே ஒரு வழக்கம் வேரூன்றியுள்ளது. குழியின்மேல் நிற்கும் மீனுக்குத் தூண்டில் எறிவதில்லை. சரளைக் குழியின்மேல் காலை வைப்பதுமில்லை. பல ஆறுகளில், ஆற்றிலேயே பிறந்த மீன் அகப்பட்டால் அதனை நீரை விட்டுத் தூக்காமலே முள்ளை எடுத்து விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். பண்ணையில் பொரித்து விட்ட குஞ்சுகளுக்கு முதுகின் பின்னுள்ள சிறு கொழுப்புத் துடுப்பை முன்னரே நறுக்கி அடையாளம் இட்டிருப்பார்கள். துடுப்பு இல்லாத மீனை உணவுக்குக் கொள்ளலாம். துடுப்பு உள்ளதை விட வேண்டும். எத்துணை எளிய அடையாளம்!

'இம்மீனுக்கும் தமிழ்நாட்டுக்கும் என்ன தொடர்பு?' என்று நீங்கள் வினவலாம். நெருங்கிய தொடர்பே உண்டு. ஸ்டீல்ஹெட் தனி இனமன்று. ஆற்றிலேயே தங்கிவிட்டால் அதே மீனுக்கு வானவில் டிரவுட் என்று பெயர். கடலுக்குச் சென்று மீள்வதே ஸ்டீல்ஹெட். ஒரு தாய் வயிற்று மக்களில் ஒருவர் ஊரிலே தங்க, ஒருவர் கடல் கடந்து பொருளீட்டி வருவதைப் போன்றது இது. அந்த வானவில் டிரவுட் நம் நீலகிரி ஓடைகளில் நூறாண்டுக்கு மேலாக வாழ்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறுபதுகளில் சென்னைப் படையின் மருத்துவரும், இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதியவருமான பிரான்சிஸ் டே, இங்கிலாந்திலிருந்து டிரவுட் முட்டைகளை நீலகிரிக்குக் கொணர முயன்றார். நெடிய கடற்பயணத்தின் வெப்பம் அம்முயற்சியைத் தோற்கடித்தது. பின்னர், 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது. சென்னை மாகாண மீன்துறையைச் சேர்ந்த எச். சி. வில்சன் அப்பணியில் வெற்றி கண்டார். இலங்கை, நியூசிலாந்து முதலிய இடங்களிலிருந்து மீனும் முட்டையும் வந்தன. நியூசிலாந்தோ 1883இல் கலிபோர்னியாவிலிருந்து இம்மீனின் முட்டைகளைப் பெற்ற நாடு. ஆகவே ஸ்டீல்ஹெட்டின் உறவினம் இரண்டு பெருங்கடல்களைக் கடந்து நீலகிரி ஏறியது எனலாம். ஆனால் நீந்தி ஏறவில்லை, பெட்டியில் ஏறியது.

பொரிப்பகத்தில் நடைபெறும் செயல் காணத்தக்கது. குளிர் மாதங்களில் முட்டை முற்றிய பெண் மீனைப் பிடித்து, வயிற்றை மெல்ல வருடினால் கிச்சிலி நிற முட்டைகள் முத்துகளைப் போலக் கிண்ணத்தில் விழும். ஆண் மீனின் விந்துநீரை அதன்மேல் விட்டு ஓர் இறகால் கலக்குவார்கள். பின்னர் முட்டைகளை ஓடும் குளிர்நீரில் தட்டுகளில் பரப்பி வைப்பார்கள். சில வாரங்களில் ஒவ்வொரு முட்டையிலும் இரண்டு கரும்புள்ளிகள் தோன்றும். அவையே குஞ்சின் கண்கள். இவ்வாறு கண் தெரியும் பருவத்து முட்டைகளே நெடும்பயணத்தைத் தாங்கும்.

இந்த டிரவுட் ஏன் கடலுக்குச் செல்வதில்லை? அவலாஞ்சி ஓடை குந்தா ஆற்றில் சேர்கிறது. குந்தா பவானியில் சேர்கிறது. பவானி காவிரியில் கலக்கிறது. காவிரி கடலை அடைகிறது. வரைபடத்தில் வழி திறந்தே உள்ளது. ஆனால் சமவெளி நீரின் வெப்பத்தை இம்மீன் தாங்காது. குளிர்ந்த மலையே அதற்குக் கோட்டையும் சிறையுமாகும். அயலிலிருந்து வந்த இம்மீன் ஓடையிலிருந்த நம் சிற்றுயிர்களையும் சிறு மீன்களையும் இரையாகக் கொள்வது என்பதையும் மறைக்காமல் கூற வேண்டும். ஒரு நாட்டில் அருமையானது மற்றொரு நாட்டில் விருந்தாளியே; விருந்தாளி வீட்டாரின் உணவைக் குறைக்கக் கூடும்.

அந்தக் காவிரியின் முகத்துவாரத்தில்தான் நம் சொந்த ஸ்டீல்ஹெட் நிற்கின்றது. அதற்கு உல்லம் என்று பெயர். வங்காளத்தார் இலிஷ் என்பார்கள், ஆங்கிலத்தில் ஹில்சா. டிரவுட்டுக்கு இது உறவன்று. ஆனால் வாழ்க்கை முறை ஒன்றே. கடலிலே வளர்ந்து, ஆற்றில் புதுவெள்ளம் இறங்கும்போது எதிரேறி, நன்னீரில் முட்டையிடும். ஆடிப்பெருக்கைக் கொண்டாடும் நாம் அப்பெருக்கை எதிர்நோக்கிக் கடலில் ஒரு மீனும் காத்திருந்தது என்பதை நினைப்பதில்லை.

1836இல் கொள்ளிடத்தின்மேல் கீழணை கட்டப்பட்டது. அதனால் டெல்டா விளைந்தது. பல்லாயிரம் குடும்பங்கள் உண்டன. அணையைக் குறை கூறுவது என் கருத்தன்று. ஆனால் உல்லத்தின் பாதையில் ஒரு சுவர் எழுந்தது. நீலகிரியில் டிரவுட்டை வளர்த்த அதே வில்சன், கொள்ளிடத்தில் உல்லத்தின் முட்டைகளைச் செயற்கை முறையில் பொரிக்க முயன்றார். அணையில் மீன் ஏணியும் அமைத்துப் பார்த்தனர். படிப்படியாக நீர் விழும் தொட்டிகளே மீன் ஏணி எனப்படும். சால்மனும் ஸ்டீல்ஹெட்டும் துள்ளித் தாவும் இயல்பின; அவை ஏணி ஏறும். உல்லம் தாவுவதில்லை. ஒரு மீனுக்காக எண்ணிய படிக்கட்டு மற்றொரு மீனுக்குச் சுவராகவே நின்றது. பொறியியல் பயிலும் மாணவர்கள் இதனை நன்கு சிந்திக்க வேண்டும். 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்று, வெள்ளம் நீர்த்தேக்கத்தில் தங்கியபின், காவிரியில் உல்ல மீன்பிடிப்பு மிகவும் குன்றிற்று. மீன்துறை அறிஞர் சுந்தரராஜ் 1941இல் மேட்டூர் கற்பிக்கும் பாடங்களைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். கங்கையின் குறுக்கே 1975இல் பரக்கா அணை இயங்கத் தொடங்கிய பின் அலகாபாத் வரை ஏறிய ஹில்சாவுக்கும் அக்கதியே நேர்ந்தது.

இவ்வாறு கூறும்போது எல்லாம் முடிந்துவிட்டது என்று நீங்கள் சோர்வடைதல் கூடாது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் எல்வா என்னும் ஆற்றில் 1913இல் மீன் ஏணியே இல்லாமல் ஓர் அணை கட்டப்பட்டது. 1927இல் மேலே மற்றொன்று எழுந்தது. 2011இல் தொடங்கி 2014க்குள் இரண்டையும் அகற்றினார்கள். ஏறத்தாழ நூறாண்டு அடைபட்டிருந்த மேல் ஆற்றுக்கு ஸ்டீல்ஹெட் மீண்டும் ஏறியது. அணைக்கு மேலே சிக்கித் தலைமுறை தலைமுறையாக ஆற்றிலேயே தங்கிவிட்ட வானவில் டிரவுட்டின் குருதியில் கடலின் நினைவு அழியாமல் இருந்தது என்று ஆய்ந்தோர் கூறுகின்றனர். நம் அணைகளை நாம் இடிக்க இயலாது. இடிக்க வேண்டுவதும் இல்லை. ஆனால் வழி விட்டால் மீன் வரும் என்னும் உண்மை எங்கும் ஒன்றே.

2021 நவம்பரில் பாலாறு பெருவெள்ளம் கண்டது; எங்கள் பக்கத்து ஏரிகளும் நிரம்பி வழிந்தன. முதிய வயதில் நான் மீண்டும் ஒரு கலங்கலுக்குச் சென்றேன். கலங்கலின் கீழே பழைய கல் சரிவுக்கு மாறாகச் செங்குத்தான சிமிட்டிச் சுவர் இருந்தது. கெண்டைகள் ஏறிப் பார்த்து, அடிபட்டு, கீழே விழுந்துகொண்டிருந்தன. அவை விழும் இடத்தில் சிறுவர்கள் வேட்டியையும் கொசுவலையையும் விரித்து நின்றார்கள். அள்ளிய மீன்களில் பல முட்டை நிறைந்தவை. நான் அவர்களுக்கு என் விரால் கதையைச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் தன் குடத்திலிருந்த இரண்டு சினைக் கெண்டைகளைத் தூக்கிச் சென்று, கரையின் மறுபுறம் ஏரியில் விட்டு வந்தான். "ஐயா, மற்றவை குழம்புக்கு" என்றான். நான் அதனை நியாயம் என்றே கொண்டேன். ஏழை வீட்டுக் குழம்பைப் பழிக்க எனக்கு உரிமை இல்லை.

மீன் உண்ணாதீர்கள் என்பதோ, தூண்டிலை முறித்துவிடுங்கள் என்பதோ என் வேண்டுகோள் அன்று. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அதனால் மீனவர்க்கு இழப்பு உண்டு. ஆயினும் அடுத்த ஆண்டின் மீன் அவ்வோய்வில்தான் பிறக்கின்றது. அந்த அறிவு ஊர் ஏரிக்கும் வர வேண்டும். மீன் மிக எளிதாக அகப்படும் வேளை எதுவோ, அதுவே தூண்டிலை மடக்கி வைக்க வேண்டிய வேளை. எளிதாக அகப்படுவது ஏன் என்று வினவுங்கள். குஞ்சைக் காப்பதாலோ, முட்டையைச் சுமப்பதாலோ, வழி அடைபட்டதாலோ அது அகப்படுகின்றது என்று காண்பீர்கள். அது தூண்டிற்காரனின் வெற்றியாகாது.

வரும் ஐப்பசியில் உங்கள் ஊர்க் கலங்கலுக்கு ஒரு குறிப்பேட்டோடு செல்லுங்கள். வெள்ளம் வழுக்கும், பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்நாளில் நீர் வழிந்தது, எந்தெந்த மீன் ஏறியது, எவ்விடத்தில் நின்றுவிட்டது, அங்கே தடையாக இருப்பது எது என்று எழுதுங்கள். சிறிது சரிவாகக் கல் அடுக்கினால் ஏறக்கூடிய இடமாயின், அதனை ஊராட்சியாரிடம் எடுத்துக் கூறுங்கள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நீருக்கு வழி வெட்டியவர்கள் அதனைச் செப்பேட்டில் பொறிக்கத்தக்க செயலாகக் கருதினார்கள். மீனுக்கு வழி விட்டதை நீங்கள் உங்கள் குறிப்பேட்டில் எழுதினால் போதும்.